வடசென்னையில் ஜாஸ் வயலின்: குழுவாகக் கற்கும் முறை

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில் ஐரோப்பிய இசைஞர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார் என்று இசை வரலாறு கூறுகிறது. அந்த மணலி அமைந்த வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வயலினின் அடிப்படை அறிந்தோர், நான்கைந்து பேராகக் கூடி ஜாஸ் இசையையும் கற்க இயலும். உடன் வாசிப்பவருக்குச் செவிகொடுத்து அந்நேரத்திலேயே இசையைப் படைப்பது ஜாஸின் உயிர்நிலை என்பதால், அதற்குக் குழுவே முதன்மையான பள்ளி.

1. சுருதி சேர்த்தல்: கர்நாடக முறையில் தந்திகள் ஸ–ப–ஸ–ப எனச் சேர்க்கப்படுகின்றன, ஆனால் கிடாரும் கீபோர்டும் உடன் ஒலிக்கும் குழுவில், ஏ தந்தியை 440 ஹெர்ட்ஸில் நிறுத்தி, ஜி, டி, ஏ, ஈ என்று சேர்ப்பதே வசதியானது.

2. கேட்டுப் பாடுதல்: 1934இல் பாரிஸில் கிடார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுடன் குழு அமைத்த ஸ்டெஃபான் கிராப்பெல்லி, 1970களில் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவில் வாசித்த எல். சங்கர் ஆகிய வயலின் கலைஞர்களின் பதிவுகளில் ஒன்றைத் தேர்ந்து, அதன் சிறு பகுதியை முதலில் வாயால் பாடி, பின்னரே விரலில் தேடுதல் வேண்டும்.

3. ஸ்விங்: ஒரு தட்டை இரு சமபாதிகளாக வாசிக்காமல், முதல் சுவரத்தை நீட்டி அடுத்ததைக் குறுக்கும் நடையே ஸ்விங் எனப்படும், திஸ்ர நடையின் மூன்று பங்குகளில் இரண்டை முதல் சுவரத்திற்கும் ஒன்றை அடுத்ததற்கும் அளித்து, இரண்டாம், நான்காம் தட்டுகளில் கைதட்டிப் பழகினால் மிதவேகத்தில் அது கைவரும்.

4. ப்ளூஸ்: சுவரங்கள் மூன்றோ அதற்கு மேலோ ஒருங்கே ஒலிப்பது கார்டு, நான்கு தட்டுகள் கொண்ட பன்னிரண்டு பார்களில் கார்டுகள் சுழன்று வருவது ப்ளூஸ் அமைப்பு. ஏ சுருதியில் அது ஏ7 நான்கு பார், டி7 இரண்டு, ஏ7 இரண்டு, ஈ7 ஒன்று, டி7 ஒன்று, ஏ7 இரண்டு என அமையும். முதலில் ஒவ்வொரு கார்டின் ஆதார சுவரத்தை மட்டும் நீண்ட வில்லில் வாசித்துச் சுழற்சியை மனத்தில் பதித்துக்கொண்டு, அடுத்து சுத்த தன்யாசியின் ஐந்து சுவரங்களோடு பிரதி மத்யமத்தையும் சேர்த்துச் சிறு சுவரத் தொடர்களை அமைக்கலாம். ஏ7 கார்டில் அந்தர காந்தாரம் ஒலிக்க, வயலினில் சாதாரண காந்தாரம் அதனோடு உரசும். அந்த உரசலே ப்ளூஸின் சுவை என்பதால் அதைத் தவறெனக் கருதி விலக்கலாகாது.

5. கூடி வாசித்தல்: மெட்டை அனைவரும் ஒருமுறை வாசித்த பின், ஒவ்வொருவரும் பன்னிரண்டு பார் கற்பனையாக வாசிக்க, மற்றவர்கள் தணிந்த ஒலியில் துணைநிற்பர், பின்னர் தனி ஆவர்த்தனத்தில் இருவர் மாறிமாறி வாசிப்பதுபோல நான்கு நான்கு பார்களாகப் பகிர்ந்து, மெட்டுக்குத் திரும்பி முடிப்பர். பாடும்போதே அடிகளைக் கட்டும் கானாக் கலைஞரும் சட்டிமேளம் வாசிப்பவரும் சேர்ந்தால் குழு பெரிதும் வளம் பெறும்.

6. கருவி காத்தல்: உப்புக்காற்று தந்தியைத் துருப்பிடிக்கச் செய்யும், ஈரப்பதம் ஒட்டுகளைத் தளர்த்தும், ஆகவே வாசித்து முடித்ததும் தந்திகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் வைத்தல் கட்டாயம்.

ஷிஃப்ட் வேலை பார்ப்போரும் வரக்கூடிய ஒரு நேரத்தை முடிவுசெய்து, வாரம் ஒருமுறை தவறாமல் கூடுக. ஒரே ஒரு ப்ளூஸைப் பல வாரங்கள் வாசித்துத் தேர்ந்த குழு, அடுத்த மெட்டைத் தானே கற்றுக்கொள்ளும்.