தூணும் கூரையும் வைத்த பாலம்

கேள்வி: இங்கிலாந்து மாளிகைத் தோட்டங்களின் படங்களில், தூணும் கூரையுமாக மண்டபம் போல ஒரு கல்பாலம் அடிக்கடி வருகிறதே, அந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

பதில்: வெனிஸ் நகரம் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு வரைபடத்திலிருந்து! அங்கே ரியால்டோ பாலத்தைக் கல்லில் கட்ட, 16ஆம் நூற்றாண்டில் பலர் திட்டம் கொடுத்தார்கள். கட்டடக்கலை மேதை பல்லாடியோவும் கொடுத்தார். பாலத்தின் மேல் தூண் மண்டபம், கடைவரிசை என்று தடபுடலான திட்டம். அது எடுபடவில்லை. அவர் 1580இல் இறந்தார். 1591இல் முடிந்த பாலம் வேறொருவர் வரைந்தது, ஒற்றை வளைவு கொண்டது. ஆனால், பல்லாடியோ 1570இல் வெளியிட்ட நூலில் அவருடைய பாலக் கனவு தங்கிவிட்டது.

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபுக்களுக்கு அந்த நூல்தான் வேதம். அவர்களில் ஒருவர் 9ஆம் பெம்புரோக் பிரபு, கட்டடப் பித்தர். ரோஜர் மோரிஸ் என்ற கட்டடக் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு, வில்ட்ஷயரில் உள்ள தன் வில்டன் மாளிகைத் தோட்டத்தில், நாடர் ஆற்றின் குறுக்கே 1736-37இல் ஒரு பாலம் கட்டினார். கடைகள் போயின, மண்டபம் மட்டும் நின்றது. ஏறி இறங்கப் படிக்கட்டு, குதிரைவண்டி போகாது. போகவேண்டிய அவசியமும் இல்லை. மாளிகையிலிருந்து பார்த்து ரசிக்கத்தான் அந்தப் பாலம்!

உடனே மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. 1738இல் ஸ்டோ தோட்டத்தில் ஒன்று எழுந்தது. தோட்டத்தை வண்டியிலேயே சுற்றிவரலாம் என்பதற்காக, அங்கே படிகளை எடுத்துவிட்டுச் சரிவுப்பாதை வைத்தார்கள். என்னைக் கேட்டால், இப்படிப் பாலம் கட்டியவர்களில் புத்திசாலி ஸ்டோ தோட்டத்தின் சொந்தக்காரர்தான். 1755இல் பாத் நகருக்கு மேலே, பிரையர் பார்க்கில் ரால்ஃப் ஆலன் கட்டினார். அவர் கல்குவாரி முதலாளி. குன்றின் மேல் மாளிகை, கீழே பாலம், எல்லாம் அவருடைய குவாரிக் கல். இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? பாலத்தின் அடியில் இருப்பது ஆறு அல்ல, பள்ளத்தாக்கில் அணைபோட்டுத் தேக்கிய குளம்.

1770களில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினும் ஜார்ஸ்கோயே செலோ அரண்மனைத் தோட்டத்தில், யூரல் மலைப் பளிங்கில் ஒன்று கட்டிக்கொண்டார். இந்த நான்கும்தான் இன்று மிஞ்சியிருப்பவை.

லண்டன் போகிறவர்கள் ரயிலேறி பாத் போய்ப் பிரையர் பார்க்கைப் பாருங்கள். பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. தூண்களில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆட்கள் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். நீங்கள் சேர்க்க வேண்டாம்.