மேட்டூர் திறந்தது எப்போது?

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யாரும் பார்க்காவிட்டால் நிகழ்வு என்று ஒன்று இல்லவே இல்லை என்று யாரோ மேடையில் பேசினாராம். அதுதான் சார்பியல் கொள்கையா என்று கேட்டிருக்கிறாய். இல்லை, கண்ணு. எம்.எஸ்சி. சேரப்போகிறவள் இதை இப்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கணக்கெல்லாம் சரியாகப் போடுவாய், அதன் பொருள் மட்டும் கடைசிவரை பிடிபடாது.

ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு ரயில் வருகிறது. ஏழு மணிக்கு ரயில் வந்தது என்றால், கடிகாரத்தின் சின்ன முள் ஏழைத் தொட்டதும் ரயில் வந்து சேர்ந்ததும் சேர்ந்தே நடந்தன என்று பொருள். நிகழ்வு என்பது அவ்வளவுதான்: ஓர் இடம், ஒரு கணம். தஞ்சாவூர் ஜங்ஷனில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் ரயில் வந்தது வந்ததுதான். அதற்கு நாம் கொடுக்கும் எண் வேண்டுமானால் மாறலாம். மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. 1906-இல் நடைமுறைக்கு வந்த இந்தியப் பொது நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னால். ஒரே வருகைக்கு இரண்டு எண்கள், நிகழ்வு ஒன்றுதான்.

அடுத்தது நோக்கர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 2025 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள். ஜூன் 15 அன்று கல்லணை திறக்கப்பட்டது. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர இன்னும் பல நாள் ஆகும். அங்கிருக்கும் விவசாயி தன் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்குத்தான் மேட்டூரைத் திறந்தார்கள் என்று சொல்வாரா? ஓடிவந்த நாட்களைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார். இயற்பியலில் நோக்கரும் அப்படித்தான். ஒளி கண்ணுக்கு வந்துசேர எடுத்த நேரத்தைக் கழித்துவிட்டு, அங்கே அது எப்போது நடந்தது என்று குறிப்பவர் அவர். பார்த்த நேரம் வேறு, நடந்த நேரம் வேறு.

அந்த நோக்கர் ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நில அளவையாளர் லாம்டன் நம் தஞ்சாவூருக்கு வந்த கதையை நினைத்துப் பார். தென்னிந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்துகொண்டு வந்தவர், 1808-இல் இங்கே திண்டாடிப் போனார். குன்று கிடையாது, எங்கே திரும்பினாலும் வயலும் தென்னையும் பனையும். வேறு வழியில்லாமல் கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாக்கிக்கொண்டார். கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே பழுதுபார்த்தார் மனிதர். அவர் கண்ணுக்காக யாரும் இவ்வளவு பாடுபடவில்லை. ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட நிலையங்கள்தான் அந்த அளவையின் உயிர். எந்த நிலையத்தில் யார் நின்று குறித்தாலும் கணக்கு ஒன்றுதான். அந்த நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரத்தை வைத்து, எல்லாவற்றையும் ஒளியால் ஒத்திசைத்துவிட்டாயானால், அதுதான் உன் பாடப்புத்தகம் சொல்லும் குறிப்பாயம். நோக்கர் என்று ஐன்ஸ்டைன் கணக்கில் வருவதும் அதுவே. மனம், உணர்வு எதற்கும் அதில் வேலையில்லை.

இனி நீ மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். தஞ்சாவூரில் ஒரு மின்னல், கும்பகோணத்தில் ஒரு மின்னல். தரையில் உள்ள கடிகாரங்களின்படி இரண்டும் ஒரே கணம். நேர்க்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். ஒளிக்கு அந்தத் தூரம் கடக்க விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்தத் தாமதத்தை எல்லோருமே கழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்தை நோக்கி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலின் குறிப்பாயத்தில், அதற்குப் பிறகும் இரண்டும் ஒரே கணம் ஆகாது. கும்பகோணத்து மின்னல்தான் முந்தியது. எவ்வளவு முந்தியது? ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் ஏறக்குறைய 11 பங்கு. மிகச் சின்ன எண்தான். ஆனால் அது கண்ணின் குறையும் இல்லை, செய்தி பிந்தி வந்ததும் இல்லை. எல்லாத் தாமதத்தையும் கழித்த பிறகும் மிஞ்சி நிற்பது. சார்பியல் கொள்கை தொடங்குவதே இந்த மிச்சத்தில்தான். தாமதத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பட்டம் வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் முன் பின் என்பதே ஆளுக்கு ஆள் மாறுமா என்று பயந்துவிடாதே. இரண்டு நிகழ்வுகளுக்கு இடையில் ஒளி போய்ச்சேர நேரம் இருந்தால், எந்த நோக்கருக்கும் வரிசை மாறாது. மேட்டூர் திறந்து மூன்று நாள் கழித்துக் கல்லணை திறந்தது. எவ்வளவு வேகமான விண்கலத்தில் போகிறவருக்கும் மேட்டூர்தான் முதலில். எத்தனை நாள் இடைவெளி என்பதில் அவர் நம்மோடு வேறுபடலாம், எது காரணம் எது விளைவு என்பதில் வேறுபட முடியாது.

கிராஃப் தாளில் குறுக்கே தூரம், மேலே காலம் என்று வைத்து, இரண்டு மின்னலையும் புள்ளிகளாக இட்டு, ரயிலின் கோட்டை நீயே வரை. லாரன்ஸ் உருமாற்றத்தில் வேகம், தூரம் இரண்டையும் பெருக்கி, ஒளியின் வேகத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உறுப்பு ஒன்று வரும். அதில்தான் அந்த 11 பங்கு இருக்கிறது. கால்குலேட்டரைத் தொடாமல் கையால் போட்டுப் பார்த்து, விடை எவ்வளவு வந்தது என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா