வாடகை, ஒத்தி, சொந்த வீடு: எந்த அலுவலகத்தை நாடுவது?

வத்திராயிருப்பு



வீடு தொடர்பான உதவி எங்கே கிடைக்கும் என்பதை இரண்டு விவரங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, குடியிருப்பு வாடகைக்கா, ஒத்திக்கா, சொந்தமாகவா என்பது. மற்றொன்று, அந்த வீடோ மனையோ பேரூராட்சியில் இருக்கிறதா, கிராம ஊராட்சியில் இருக்கிறதா என்பது.

வாடகைக்கு இருப்போருக்கு நீண்ட காலம் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. அதன் இடத்தில், சொத்து உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்கிறது இச்சட்டம். பத்திரப் பதிவைத் தவிர்க்க 11 மாதத்துக்கு எழுதிக்கொள்வது பழைய வழக்கம். அப்படி எழுதியதற்கும் இந்தப் பதிவு தேவை. பதியாத ஒப்பந்தம் வழக்கு என்று வரும்போது சான்றாக நிற்பது கடினம்.

அட்வான்ஸ் தொகை பற்றி ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், அது மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைக் காலி செய்தபின், உரிய பிடித்தம் போக மீதியை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். வாடகை பெற்றதற்குக் கையெழுத்திட்ட ரசீது கேட்பது வாடகைதாரரின் உரிமை. உரிமையாளர் பணத்தை வாங்க மறுத்தால் முதலில் மணியார்டரில் அனுப்பலாம். மறுப்பு தொடர்ந்தால் வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்தலாம். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை வெளியேற்ற முயல்வதைச் சட்டம் தடை செய்கிறது. அப்படி நேர்ந்தால் அதே அமைப்பிடம் மனு கொடுத்து இணைப்பை மீட்கலாம்.

காலி செய்யச் சொல்வதற்கும் சட்டம் காரணங்களை வரையறுத்திருக்கிறது. வாடகை பாக்கி, எழுத்துமூல அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல், பெரிய பழுதுபார்ப்பு, உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை அவற்றுள் சில. காரணம் இருந்தாலும் பூட்டை மாற்றவோ, சாமான்களை வெளியே வைக்கவோ உரிமையாளருக்கு உரிமை இல்லை. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியே வாடகை அதிகார அமைப்பாகச் செயல்படுகிறார். வத்திராயிருப்பு வட்டம் சிவகாசி வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது என்பதால், விசாரிக்கத் தொடங்க வேண்டிய இடம் சிவகாசிக் கோட்டாட்சியர் அலுவலகம்.

ஒத்தி இதிலிருந்து வேறுபட்டது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெறும் முறை இது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இதை அனுபவ அடமானமாகப் பார்க்கிறது. அடமானத் தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றால், இரண்டு சாட்சிகளுடன் எழுதி, பதிவும் செய்ய வேண்டும். பல குடும்பங்கள் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன. அதே வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் ஒத்திப் பணம் சிக்கிக்கொள்ளும். ஆகவே பணம் கைமாறுவதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்பதும், மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதும் அவசியம்.

வழக்கறிஞருக்குச் செலவிட வசதியில்லாதோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்திருப்பதால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே இயங்குகிறது. வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் எளிதாகப் போய்வரலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவானாலும் இந்த உதவிக்குத் தகுதி உடையவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசியில் ஆலோசனை பெற 15100 என்ற எண் உள்ளது.

சொந்த வீட்டுக்கான அரசு உதவி உள்ளாட்சி எல்லையைப் பொறுத்து மாறுகிறது. வத்திராயிருப்பு, வ.புதுப்பட்டி, சுந்தரபாண்டியம், எஸ்.கொடிக்குளம் ஆகியவை பேரூராட்சிகள். இங்கே பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு பொருந்தும். பேரூராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் இத்திட்டத்தைச் செயல்படுத்துவதில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறியது அதுவே. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்குத் திட்டத்தின் ஊரகப் பிரிவும், குடிசையில் வாழ்வோருக்கு வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லமும் உரியவை. அவற்றுக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை அணுக வேண்டும்.

இருக்கும் மனையில் வீடு கட்ட உதவி கேட்போரிடம் பட்டா கேட்கப்படும். மனையே இல்லாதவர்கள் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்; திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். எந்த மனுவானாலும் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவின் நிலையைக் கேட்கலாம்; பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.