காட்டில் சுற்றுவதற்கு ஒரு பட்டமா?

வெளிநாட்டில் பையன் என்ன படிக்கப் போகிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, "வெளிப்புறப் பொழுதுபோக்கும் சுற்றுச்சூழல் கல்வியும்" என்று சொல்லப் பெற்றோருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கேட்டவர் முகத்தில் முதலில் குழப்பம், அப்புறம் சிரிப்பு. மலை ஏறவும் படகு தள்ளவும் கூடாரம் அடிக்கவும் எதற்கய்யா மூன்று, நான்கு வருடப் படிப்பு? அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே என்று பல நாடுகளில் இந்தப் படிப்பு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பிலேயே இது ஒரு பாடம். அந்த மதிப்பெண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் செல்லும். ஆனாலும் இதைச் சுற்றிய கட்டுக்கதைகளுக்குக் குறைவில்லை.

"இது பிக்னிக் படிப்பு"

மழை பெய்து மலைப்பாதையின் நடுவில் சேறு தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். காலணி அழுக்காகாமல் ஓரத்துப் புல்லில் கால்வைத்துப் போவதுதான் எல்லோரும் செய்வது. பயிற்சி பெற்ற வழிகாட்டியோ குழுவைச் சேற்றுக்குள்ளேயே நடத்திக்கொண்டு போவார். ஓரத்துப் புல் மிதிபட்டு மடிந்தால் அடுத்து வருபவர் அதற்கும் ஓரமாக ஒதுங்குவார். கொஞ்ச நாளில் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டித் தடம் போல அகன்றுவிடும். அதற்காகத்தான் அந்தச் சேற்று நடை.

ஆள் குறைந்தால் சேதமும் அதே கணக்கில் குறையும் என்பது இன்னொரு நம்பிக்கை. மிதிபடும் நிலங்களைப் பற்றிய ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பெரும்பகுதிச் சேதத்தை முதலில் வரும் சிலரே செய்து முடித்துவிடுகிறார்கள். அதன்பின் கூட்டம் பெருகினாலும் சேதம் அதே வேகத்தில் ஏறுவதில்லை. அதனால் கூட்டம் வரும் இடத்தில் எல்லோரையும் ஒரே தடத்தில் விட வேண்டும்; ஆள் படாத இடத்தில் பிரித்து நடத்த வேண்டும். ஒரு காட்டுக்கு எத்தனை பேரை விடலாம் என்ற கேள்விக்கு 1964-ல் ஆலன் வாகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பதில் தேடப் போனார். மேய்ச்சல் நிலத்துக்கு இத்தனை மாடு என்று போடும் கணக்கிலிருந்து இரவல் வாங்கிய கேள்வி அது. மனிதர் விஷயத்தில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது, வருபவர் எதைத் தேடி வருகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கண்ட விடை. 1985-ல் அமெரிக்க வனத்துறை கேள்வியையே மாற்றிப் போட்டது: எத்தனை பேர் என்பதை விட்டு, எவ்வளவு மாற்றம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்க ஆரம்பித்தது. மாணவர்கள் படிப்பது இதையெல்லாம்தான். காட்டில் மலம் கழிக்கும் குழி நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஆழம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதற்குக் கீழே போனால் மட்கச் செய்யும் உயிர்கள் குறைவு என்பது உட்பட. பிக்னிக்கில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

"தைரியசாலிகளுக்குத்தான் இது சரிப்படும்"

1995 ஏப்ரல் 28. நியூசிலாந்து தென்தீவின் பாப்பரோவா தேசியப் பூங்காவில் கேவ் க்ரீக் என்ற ஓடை குகையிலிருந்து வெளிவரும் இடத்தைப் பார்க்க ஒரு மாணவர் குழு போனது. டாய் பூட்டினி பாலிடெக்னிக்கில் இதே வெளிப்புறப் பொழுதுபோக்குப் படிப்பைப் படித்தவர்கள். பள்ளத்தை எட்டிப் பார்க்க அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை ஒரு மேடை கட்டியிருந்தது. 18 பேர் அதில் நின்றபோது மேடை அப்படியே பெயர்ந்து பள்ளத்தில் விழுந்தது. 13 மாணவர்களும் கூட வந்த துறை அதிகாரி ஒருவரும் இறந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். போல்ட் போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தார்கள். தகுதியுள்ள பொறியாளர் யாரும் வடிவமைக்கவில்லை. கட்டட அனுமதி வாங்கவில்லை. ஐந்து பேருக்கு மேல் ஏற வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகை அங்கே இருந்திருக்க வேண்டும். அதை வைக்கவே இல்லை. மறு ஆண்டு துறை அமைச்சர் பதவி விலகினார். அந்த மாணவர்களிடம் எவ்வளவு தைரியம் இருந்திருந்தாலும் அது எதற்கும் உதவியிருக்காது.

கேவ் க்ரீக் விபத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1993 மார்ச்சில், இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் ஓட்டப் போன பள்ளி மாணவர்களில் 4 பேர் உயிரிழந்தனர். அவர்களை அழைத்துப் போன மையத்தில் முன்பு வேலை பார்த்தவர்கள், பாதுகாப்பு சரியில்லை என்று பல மாதங்களுக்கு முன்பே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995-ல் சட்டம் வந்தது. சிறுவர்களைச் சாகசப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் மையங்களுக்கு உரிமம் கட்டாயமானது.

இந்தத் துறைக்கு வேண்டியவர் அந்தக் கடிதத்தை எழுதும் ஆள்தான். மேகத்தைப் பார்த்துவிட்டு, உச்சிக்கு அரை மணி நேரமே இருக்கும்போது "இன்னிக்கு இது போதும், திரும்பலாம்" என்று சொல்லி, பணம் கட்டி வந்தவர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொள்ளக்கூடியவர். ஆஸ்பத்திரி எட்டாத இடத்துக்கான முதலுதவிப் பயிற்சியே 70, 80 மணி நேரம் ஓடும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் இதில் சோடை போவார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

"எடுத்துச் சொன்னால் ஜனங்கள் திருந்திவிடுவார்கள்"

சுற்றுச்சூழல் கல்வி என்றாலே பலகை வைப்பது, பிரசுரம் கொடுப்பது, உறுதிமொழி எடுப்பது என்று ஆகிவிட்டது. அரிசோனாவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. 20 கோடி ஆண்டுக்கு மேல் பழமையான மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது அந்தப் பூங்காவின் தீராத தலைவலி. ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் சகாக்களும் குறியிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டு வைத்துச் சோதித்தார்கள். 'முன்பு வந்த பலர் எடுத்துப் போய்விட்டார்கள், காடு பாழாகிறது' என்ற பொருளில் பலகை வைத்தபோது 7.92 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் கேட்டுக்கொண்டபோது 1.67 சதவீதம். வருத்தப்பட்டு எழுதிய பலகை, 'எல்லோரும்தான் எடுக்கிறார்கள், நாமும் எடுத்தால் என்ன' என்ற எண்ணத்தைக் கிளப்பிவிட்டது! நம் ஊர்ச் சுற்றுலாத் தலங்களிலும் 'இங்கே எல்லோரும் குப்பை போடுகிறார்கள்' என்று அங்கலாய்க்கும் பலகையை எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

1977-ல் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து இலக்குகளை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. ஐந்தில் அறிவு ஒன்றுதான். இந்தியாவில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்ன தீர்ப்பின் தொடர்ச்சியாகப் பட்டப்படிப்பு மாணவர்கள் எல்லோருக்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது. அதற்காகத் தயாரான பொதுப் பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள்; களப்பணிக்கு 5. அந்த ஐந்தையும் எத்தனை கல்லூரிகள் வெளியே போய் நடத்தின என்று அந்தத் தாளை எழுதியவர்களைக் கேட்டால் தெரியும். மீதி எல்லாம் தேர்வுக்கு முந்தின நாள் படித்த அறிவு. பல்கலைக்கழகத்தில் இதைத் தனிப் படிப்பாகப் படிப்பவர் கற்பது மற்ற நான்கையும் எப்படி வரவழைப்பது என்பதைத்தான்.

"வேலை கிடைக்காது"

இது பாதி உண்மை. 2023-ல் அமெரிக்கப் பொருளாதாரத்தில் வெளிப்புறப் பொழுதுபோக்கின் பங்கு 2.3 சதவீதம், அதில் சுமார் 50 லட்சம் வேலைகள் என்கிறது அந்நாட்டு அரசின் கணக்கு. கல்லூரி விளம்பரத்தில் இதைப் பார்த்தால் மயங்க வேண்டாம். படகு தயாரிப்பவர், வீட்டு வேன் விற்பவர், கடைக்காரர், ஹோட்டல்காரர் எல்லோரும் சேர்ந்ததுதான் அந்த 50 லட்சம். பட்டம் வாங்கியவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் சீசன் வேலை, சுமாரான சம்பளம். நிரந்தர வேலை தேசியப் பூங்காக்களிலும் பள்ளிகளிலும் உள்ளாட்சி நிர்வாகங்களிலும் இருக்கிறது. கூடவே ஆசிரியர் தகுதியும் வைத்திருப்பவருக்குக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும்.

இந்தியாவில் டார்ஜிலிங், உத்தரகாசி மலையேற்ற நிறுவனங்கள் தருவது சில வாரப் பயிற்சிக்கான சான்றிதழ், பட்டம் அல்ல. ஆனால் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுக்கு இங்கே தேவை இல்லை என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் இறுகின. 2024-ல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது.

வெளிநாட்டில் இதைப் படிக்க விரும்பும் பிள்ளைகள் சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளை அந்தத் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. மொத்தப் படிப்பில் களத்தில் எத்தனை நாள்? முதலுதவி, மீட்புச் சான்றிதழ்களுக்கான செலவு கல்விக் கட்டணத்துக்குள் வருமா, தனியா? போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.