தாத்தாவின் ஆசைப் பட்டியல்

முதியவர்களுக்கு வேளாவேளைக்கு உணவும் மருந்தும் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். அது போதுமா? இக்கேள்வியை எழுப்பும் தமிழ்த் திரைப்படம் ஒன்றை இங்குக் காண்போம். இயக்குநர் மதுமிதாவின் ‘கே.டி. (எ) கருப்புதுரை’ என்னும் அப்படம், நமது திருப்பத்தூர் தனி மாவட்டமாக மலர்ந்த அதே 2019 நவம்பரில் வெளிவந்தது.

எண்பது வயதுக் கருப்புதுரை நினைவிழந்து படுக்கையில் கிடக்கிறார். அவருக்குத் ‘தலைக்கூத்தல்’ செய்யக் குடும்பத்தார் முடிவெடுக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி, முதியவரின் உயிரை முடிக்கும் கொடிய வழக்கம் அது. தென் மாவட்டங்கள் சிலவற்றில் இருந்து வந்தது. கண் விழித்த பெரியவர் அப்பேச்சைக் கேட்டு, மனம் உடைந்து வீட்டைவிட்டு வெளியேறுகிறார். வழியில் ஒரு கோயிலில், தாய் தந்தையற்ற சிறுவன் குட்டியைச் சந்திக்கிறார். துடுக்குத்தனம் மிக்க அச்சிறுவன், பெற்ற பிள்ளைகள் கேட்காத ஒன்றைக் கேட்கிறான்: அவருடைய ஆசைகள் என்னென்ன? அவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக நிறைவேற்ற இருவரும் புறப்படுகிறார்கள். பெரியவராக நாடகக் கலைஞர் மு. இராமசாமியும், குட்டியாக நாகவிஷாலும் நடித்தனர். சிறந்த குழந்தை நட்சத்திரத்திற்கான தேசிய விருது நாகவிஷாலுக்குக் கிடைத்தது.

கடல் கடந்த பிரேசில் நாட்டிலும் இத்தகைய நட்பைச் சொல்லும் படம் ஒன்று உண்டு. 1998-இல் பெர்லின் விழாவில் தங்கக்கரடி விருது பெற்ற ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ அது. டோரா என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியை, ரியோ நகர இரயில் நிலையத்தில் எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறாள். அக்கடிதங்களுள் பலவற்றை அவள் அஞ்சலில் சேர்ப்பதே இல்லை. அவ்வளவு வறண்ட நெஞ்சம்! தாயை விபத்தில் இழந்த ஒன்பது வயது யோசுவேயுடன் அவனுடைய தந்தையைத் தேடிச் செல்லும் நெடும்பயணத்தில் அந்நெஞ்சம் கனிகிறது.

இவ்விரு கதைகளும் நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றே. முதியவரைச் சுமையாகக் கருதும் வீட்டில் அவர் உயிரோடிருந்தும் இறந்தவராகிறார். தோழராக ஏற்கும் ஒரு குழந்தையின் அருகே மீண்டும் வாழத் தொடங்குகிறார். உயிர் இறைவன் தந்த கொடை. அதை முடிக்கும் உரிமை நமக்கில்லை. பெற்றோரைப் போற்றுமாறு பணிக்கும் நான்காம் கட்டளை, அவர்களின் மனத்தையும் அறியச் சொல்கிறது அல்லவா?

ஜவ்வாது மலையில் சாமை விளைவித்த பாட்டியானாலும், நகரில் கடை நடத்திய தாத்தாவானாலும், சொல்லாமல் மனத்தில் வைத்திருக்கும் ஆசை ஒன்றாவது இருக்கும். இவ்விடுமுறையில் அவர்கள் அருகே அமர்ந்து அதைக் கேட்போம். நம்மால் இயன்றதை நிறைவேற்றுவோம்.

சிந்திக்க:
1. குடும்பத்தார் கேட்காததைக் குட்டியால் கேட்க முடிந்தது ஏன்?
2. நம் வீட்டுப் பெரியவரின் ஆசை ஒன்றை நாம் அறிவோமா?