யாருடைய நோயாளி?

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. மதினி நேற்று ராத்திரி போன் பண்ணி ரொம்ப நேரம் பேசினாள். நைட் டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிடாமலே படுத்துவிடுகிறாயாம். தைராய்டு மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுகிறாயாம். போன மாதம் நோயாளியோடு வந்த ஒரு அட்டெண்டர் உன் கையைப் பிடித்து முறுக்கியதை அவளிடமே மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னாயாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கை இப்போது எப்படி இருக்கிறது? எக்ஸ்ரே எடுத்தாயா? யாரும் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள், நீயாகப் போய் எடு.

உன் ஆஸ்பத்திரியின் டிரஸ்ட்காரர்கள் உன்னை எமர்ஜென்சிக்கு ஹெச்.ஓ.டி.யாக இருக்கச் சொல்கிறார்கள் என்றும், இன்னொரு பக்கம் எம்.ஆர்.சி.இ.எம். தேர்வு முடித்ததற்கு இங்கிலாந்தில் வேலை வந்திருக்கிறது என்றும் சொன்னாள். மாப்பிள்ளைக்கு வெளிநாடு போகலாம் என்றிருக்கிறது. மதினிக்கோ இரண்டும் வேண்டாம், ஏதாவது ஒரு கல்லூரியில் பகல் வேலை பார்த்தால் போதும். நான் எந்தப் பக்கமும் பேச வரவில்லை. முடிவு உன்னுடையது. முடிவு எடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களை நீ யோசித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

விபத்தில் அடிபட்டு இறந்துபோன நம் சின்னவன் பேச்சை எடுத்தாலே வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நீ மட்டும்தான் சின்ன வயதிலிருந்து உட்கார்ந்து கேட்பாய். அதனால் முழுவதையும் மறுபடி சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நீ மறக்கக்கூடாது. டாக்டர் இல்லாமல் அவன் போகவில்லை. அன்று ராத்திரி அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்குக் குறைவே இல்லை. தொடை எலும்பு முறிவு என்று ஆர்த்தோவில் பார்த்தார்கள். வயிறு உப்புகிறது என்று சர்ஜரிக்கு ஒபினியன் எழுதினார்கள். சர்ஜரியிலிருந்து வந்த பயிற்சி மருத்துவர், ஸ்கேன் எடுத்த பிறகு கூப்பிடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். தலையில் அடி இருக்கிறதே என்று நியூரோவுக்கு ஒரு ஒபினியன். கேஸ் ஷீட்டைப் பிறகு வாங்கி வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு குறிப்பும் தனியாகப் பார்த்தால் சரி. அதே தாளின் ஓரத்தில் பி.பி. இறங்கிக்கொண்டே போவதை ஸ்டாஃப் நர்ஸ் எழுதி வைத்திருக்கிறாள். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தவனை "இவன் என் நோயாளி, தியேட்டருக்குத் தூக்குங்கள்" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. கேஷுவாலிட்டி மெடிக்கல் ஆபீசர் என்று ஒருவர் இருந்தார். விபத்துப் பதிவேட்டில் ஏ.ஆர். எண்ட்ரி போட்டார், போலீசுக்குத் தகவல் எழுதினார். அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் கிடையாது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அதனால்தான் ஹெச்.ஓ.டி. பதவி என்றதும் மதினியைப் போல நான் பயப்படவில்லை. நான் சர்வீஸில் இருந்த காலத்தில் கேஷுவாலிட்டிக்கு என்று ஒரு சீஃப் கிடையாது. எந்த யூனிட் டியூட்டியோ அந்த யூனிட்டில் இளையவர்கள் வந்து நிற்பார்கள், விடிந்ததும் போய்விடுவார்கள். எமர்ஜென்சி மெடிசின் ஒரு தனிப் படிப்பு என்று இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதே 2009-இல்தான். 2020-இல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அந்தத் துறை கட்டாயம் என்று தேசிய மருத்துவ ஆணையம் சொன்னபோது, சின்னவன் போட்டோவுக்கு முன்னால் நின்று அதை அவனிடம் சொன்னேன். 2023-இல் இளநிலைக் கல்லூரிகளுக்கான கட்டாயப் பட்டியலிலிருந்து அதே துறையை எடுத்துவிட்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு இந்தத் துறை இன்னும் ஒட்டாத பிள்ளைதான். அதனால் நாற்காலி கொடுக்கிறார்களே என்று உடனே உட்கார்ந்துவிடாதே. என்ன அதிகாரத்தோடு கொடுக்கிறார்கள் என்று கேள்.

நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று. எந்த நோயாளி எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று நீ எழுதினால், அதுவே கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும். அட்மிஷன் போடுவதற்கு வார்டு டாக்டரிடம் போய் நீ கெஞ்சக்கூடாது. அவருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் நோயாளி மேலே போன பிறகு, காலையில், சீஃபும் சீஃபும் பேசிக்கொள்ளட்டும். இதை மெடிக்கல் டைரக்டர் கையெழுத்தோடு வாங்கு. மெடிசினுக்குக் கீழோ சர்ஜரிக்குக் கீழோ உன்னை வைக்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதே, நேராக டைரக்டருக்குக் கீழே இரு. அந்தத் தாள் கையில் இல்லாமல் ஹெச்.ஓ.டி. ஆனால், அன்று ஏ.ஆர். எண்ட்ரி போட்டவருக்கும் உனக்கும் வித்தியாசம் இருக்காது.

எமர்ஜென்சியில் ஸ்ட்ரெச்சர்கள் வராந்தா வரை நிற்கும்போது நிர்வாகம் உன்னைக் கூப்பிட்டு, ஏன் இவ்வளவு கூட்டம், உன் ஆட்கள் ஏன் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று கேட்கும். சாக்கடை அடைத்துக்கொண்டால் முற்றத்தில்தான் தண்ணீர் நிற்கும். அடைப்பு மேலே வார்டில் இருக்கிறது. நீயே ஒரு நாள் போய்ப் பார். பதினோரு மணிக்கு சீனியர் ரவுண்ட்ஸ் வந்து டிஸ்சார்ஜ் சொல்வார். சம்மரி டைப் ஆக இரண்டு மணி. இன்சூரன்ஸ் அப்ரூவல் வர ஐந்து மணி. பில் கட்டி, கார் வந்து, கட்டிலைத் துடைத்து விரிக்கும்போது இருட்டிவிடும். அதற்குள் கீழே சாயங்கால விபத்துகளும் நெஞ்சுவலிகளும் வரத் தொடங்கியிருக்கும். ஐ.சி.யூ. படுக்கைக்காகக் காத்து, உயிருக்கு ஆபத்தானவர்களை வைக்கும் ரெட் ஏரியாவில் வென்டிலேட்டரில் கிடப்பவரை விட்டு ஒரு நர்ஸ் நகர முடியாது. அந்த ஒரு நர்ஸ் இல்லாததால், யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் ட்ரையாஜ் மேசையில் வரிசை நீளும். வரிசையில் நிற்கிறவர்களில் ஒருவருக்கு உள்ளே ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்.

ஆகவே உன் வேலையில் பாதி மாடியில்தான். தினம் காலையில் படுக்கைக் கணக்கு பார்க்கும் கூட்டத்தில் நீ இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ரவுண்ட்ஸை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லிச் சண்டை போட வேண்டும். பெரிய பெரிய சீனியர்கள் முகத்தைத் திருப்புவார்கள். திருப்பட்டும். மீதிப் பாதி ரெட் ஏரியாவில் நிற்பது. சீஃப் ஆன பிறகும் உன் பங்கு ராத்திரி டியூட்டியை விடாதே. சீஃப் பார்க்காத ராத்திரியில் என்ன நடக்கிறது என்று சீஃபுக்குத் தெரியவே தெரியாது. (மதினி இதைப் படித்தால் என்னோடு பேசவே மாட்டாள். நான் சொல்வது மாதத்தில் சில ராத்திரிகள். இப்போது நீ பார்ப்பது மாதிரி அல்ல.)

பணம் பற்றி ஒரு வார்த்தை. பில் கவுண்டரை ரெட் ஏரியா பக்கமே வர விடாதே. அடிபட்டு வந்தவருக்கு முதல் சிகிச்சை தர வேண்டியது அரசு, தனியார் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா டாக்டருக்கும் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது, சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரத்துச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. அட்வான்ஸ் கட்டினார்களா என்று உன் ஜூனியர்களிடம் யாராவது கேட்டால், இந்த இரண்டையும் சொல்லச் சொல்.

இங்கிலாந்து விஷயத்துக்கு வருகிறேன். போகாதே என்று சொல்லவில்லை. படிக்க வேண்டிய இடம்தான். லீட்ஸில் மாரிஸ் எல்லிஸ் என்பவரை 1952-லேயே கேஷுவாலிட்டிக்குத் தனி கன்சல்டன்டாக வைத்த நாடு அது. ஆனால் ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் நடந்ததையும் நீ படித்திருப்பாய். எமர்ஜென்சிக்கு வந்தவர்களை நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்று மேலிருந்து கெடு. யாரை முதலில் பார்ப்பது என்பதை வரவேற்பு மேசையில் இருந்தவர்கள், மருத்துவம் படிக்காதவர்கள், முடிவு செய்துகொண்டிருந்தார்கள் என்று 2009 விசாரணை அறிக்கை சொன்னது. 2013-இல் அடுத்த விசாரணையை நடத்திய ராபர்ட் பிரான்சிஸ் 290 பரிந்துரைகள் எழுத வேண்டியிருந்தது. அந்த நான்கு மணி நேரக் கணக்கில் வைத்த 95 சதவீத இலக்கை இங்கிலாந்து முழுவதுமாக எட்டியது கடைசியாக 2015 ஜூலையில். இப்போது அங்கேயும் வயதானவர்கள் நடைபாதையில் ட்ராலியில் கிடக்கிறார்கள். அதே சாக்கடைதான், அதே அடைப்புதான். அங்கே போனால் டியூட்டி சார்ட்டில் நீ ஒரு பெயர். அடைப்பை எடுக்கும் இடத்துக்கு வருவதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ. இங்கே அந்த இடத்தை உனக்கு இப்போதே கொடுக்கிறார்கள்.

உன் டிரஸ்ட்டிலும் டிவி மாதிரி ஒன்றை மாட்டி எண்களைக் காட்டச் சொல்வார்கள். பக்கவாதத்துக்கு வந்ததிலிருந்து ஊசி போட 60 நிமிடம், மாரடைப்புக்கு அடைப்பைத் திறக்க 90 நிமிடம். நல்ல எண்கள்தான், உயிரைக் காப்பவை. அவற்றோடு இன்னொரு எண்ணையும் நீ மாட்டச் சொல்: அட்மிஷன் எழுதிய பிறகு நோயாளி மேலே போக எத்தனை மணி நேரம் ஆனது. அது உன் துறைக்கான எண் இல்லை, மற்ற துறைகளுக்கானது. அதனாலேயே யாரும் அளக்க விரும்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டு, இதயத் துடிப்பு நாற்பதுக்கு இறங்கி வரும் பிள்ளைகளை லண்டனில் யார் கொண்டுவரப் போகிறார்கள்? பாம்புக்கடி என்று வருபவருக்குக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்க்க உனக்குக் கை பழகியிருக்கிறது. இருளர்கள் பிடித்துத் தரும் பாம்பின் விஷத்திலிருந்து செய்த மருந்து உன் அலமாரியில் இருக்கிறது. உனக்குக் கைவந்த வைத்தியம் இந்த மண்ணுக்கானது.

அடிதடி பற்றித்தான் எனக்கு நிஜமாகவே பயம். 2024 நவம்பரில் கிண்டி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைக் கத்தியால் குத்திய செய்தியைப் பார்த்த அன்றிலிருந்து நீ டியூட்டியில் இருக்கும் ராத்திரிகளில் எனக்கு போன் மணி அடித்தாலே நெஞ்சு பதறுகிறது. ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் அடி விழுந்த பிறகுதான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை ஹெச்.ஓ.டி.தான் செய்ய முடியும். நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே, மற்றவர்கள் வெளியே. வெளியே நிற்பவர்களிடம் அரை மணிக்கு ஒரு தரம் வந்து என்ன நடக்கிறது என்று சொல்வதற்கென்றே ஒரு ஆள். இவ்வளவு நேரம் ஒன்றும் தெரியாமல் நிற்கிறோமே என்ற ஆத்திரம்தான் பெரும்பாலும் கையை ஓங்க வைக்கிறது, நான் பார்த்தவரை. கூட ஒரு நல்ல காவலாள். இதையும் அந்தத் தாளில் எழுதி வாங்கு. உன் ஜூனியர் கையை யாரும் முறுக்கக்கூடாது. அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பில் நீயே இருந்தால், நீயும் பத்திரமாக இருப்பாய் என்பது என் கணக்கு.

ஏதாவது ஒரு சாவு நடந்து, நிர்வாகம் பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது, பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்திரு. உனக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரொம்ப எழுதிவிட்டேன். டாக்டருக்கு டாக்டர் எழுதுவது மாதிரி ஆகிவிட்டது, அத்தை எழுத வேண்டியதை எழுதவே இல்லை. பாப்பா, நீ ஹெச்.ஓ.டி. ஆனாலும் சரி, லண்டன் போனாலும் சரி, மதினி சொல்கிற மாதிரி பகல் வேலை பார்த்தாலும் சரி, ஒரு வருஷம் ஒன்றுமே செய்யாமல் வீட்டில் தூங்கினாலும் சரி, எனக்கு நீ ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். எங்கள் குடும்பத்தில் உன்னைப் போல் கைராசிக்காரி யாரும் பிறந்ததில்லை. நான் சொன்னது எதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும், நல்ல பையன்.

கூழ்வத்தலும் இடிசாம்பார் பொடியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், புதன்கிழமைக்குள் வந்துவிடும். குட்டிக்கு லீவு விட்டதும் இங்கே கொண்டுவந்து விடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் கூட வந்து நான்கு நாள் இரு. சொதி வைத்துத் தருகிறேன், ஆஸ்பத்திரி பேச்சே எடுக்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
உன் அத்தை