சேர்வராயன் மலைக் கல்லை வைத்துப் பிணைப்பு வகை கண்டுபிடிப்பது எப்படி?

சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் காலில் செம்மண். இந்த மலையின் பாக்சைட்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. கீழே சேலம் பக்கம் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல். இந்த இரண்டையும் வைத்தே பழகலாம். பென்சிலும் தனிம அட்டவணையும் போதும்.

முதலில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் வலுவே எலக்ட்ரான் கவர்தன்மை. லைனஸ் பாலிங் 1932-ல் வகுத்த அளவுகோலில் ஆக்சிஜன் 3.44, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, அலுமினியம் 1.61, மெக்னீசியம் 1.31.

அடுத்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 1.7-க்கு மேல் வந்தால் அயனிப் பிணைப்பு. குறைந்தால் சகப்பிணைப்பு, அதிலும் 0.4-ஐத் தாண்டினால் முனைவுற்றது. பலர் சறுக்குவது இங்கேதான்: சேர்மத்தை மொத்தமாகப் பார்க்காமல், எந்த அணுவை எந்த அணு தொட்டு நிற்கிறதென்று ஜோடி ஜோடியாகப் பாருங்கள். மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம்–ஆக்சிஜன் வித்தியாசம் 2.13, அயனி. கார்பன்–ஆக்சிஜன் 0.89, முனைவுற்ற சகப்பிணைப்பு. ஒரே கல்லுக்குள் இரண்டும்! சூளையில் சுட்டால் கார்பன் இரண்டு ஆக்சிஜனோடு கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். மூன்றாவது ஆக்சிஜனை மெக்னீசியம் விடாது. மிஞ்சும் மெக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும். எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதில் செங்கல் செய்வது அதனால்தான்.

பாக்சைட்டில் முக்கியமாக இருப்பது அலுமினியம் ஹைட்ராக்சைடு. அதில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் 1.24, முனைவுற்ற சகப்பிணைப்பு, சிக்கலில்லை. அலுமினியம்–ஆக்சிஜன் 1.83, எல்லையை ஒட்டி நிற்கிறது. 1.7 என்பது மதில் அல்ல, பாதிக்குப் பாதி என்ற இடம். ஆகவே ‘அயனி, சகப்பிணைப்புச் சாயலும் உண்டு’ என்று எழுதுங்கள்.

வித்தியாசம் பூஜ்ஜியம் என்றால் உஷார். ஆக்சிஜன் வாயுவிலும் பூஜ்ஜியம், அலுமினியப் பாத்திரத்திலும் பூஜ்ஜியம். முன்னது சகப்பிணைப்பு, பின்னது உலோகப் பிணைப்பு. கழிப்பதற்கு முன் இருந்த எண்களைத் திரும்பப் பாருங்கள்: இரண்டுமே தாழ்ந்தவை என்றால் உலோகம்.

கடைசியில், விடையைப் பொருளோடு ஒப்பிடுங்கள். ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு வித்தியாசம் 1.78, கணக்கு அயனி என்கிறது. ஆனால் அது சுமார் 20 டிகிரியிலேயே கொதித்துவிடும்; சேலத்து வெயிலில் வெறும் வாயு. அயனிச் சேர்மம் அப்படிப் பறக்காது. அடித்துவிட்டுச் சகப்பிணைப்பு என்று எழுதுங்கள்.